ஹெலன் ஆஷ்வுட்டுக்கு ஒரு கேள்வி

சகாய ஆனந்தின் போன் வந்தபோது சாந்தி மேரி ஜெயங்கொண்டம் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். வரதராஜன்பேட்டை தாண்டி முந்திரிக்காட்டுக்குள் பஸ் போய்க்கொண்டிருந்தது. சிக்னல் வந்து வந்து போகிற இடம் அது.

"மேரி, நான்தான். வேற கப்பல்காரன் போன்ல பேசுறேன். சீக்கிரம் கேட்டுக்க. அரிசி தீந்துபோச்சு. தண்ணியும் தீரப்போவுது. மழ பேஞ்சா தார்ப்பாய்ல புடிச்சுக் குடிக்கிறோம். கரைக்குப் போயிட்டு வரேன்னு போன கேப்டன் திரும்பியே வரல."

"நீங்களும் எறங்கி வந்துடுங்களேன்!"

"துறைமுகத்துக்காரன் வுடமாட்டேங்கறான். ஆளில்லாம கப்பல வுட்டுட்டு வரக்கூடாதாம். மகேஷுக்குக் காச்சல். ரெண்டு நாளா எந்திரிக்கல. அப்பாகிட்ட சொல்லாத. யார்கிட்டயாச்சும்..."

அத்தோடு நின்றுவிட்டது. அவள் அந்த எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்தாள். இரண்டு முறை மணி போனது. அப்புறம் அதுவும் இல்லை. கண்டக்டர் தோளைத் தட்டி, "ஜெயங்கொண்டம் வந்துருச்சும்மா, எறங்கல?" என்று கேட்டபோதுதான் பஸ்ஸில் வேறு யாரும் இல்லை என்பதைக் கவனித்தாள்.

அது 2005-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். அவள் கணவன் ஆனந்த், பெல்வியா என்ற பழைய சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் லொபேரா என்ற துறைமுகத்துக்கு வெளியே அந்தக் கப்பல் மாதக்கணக்காக நங்கூரம் போட்டு நின்றது. முதலாளி துறைமுகத்துக்குக் கட்டவேண்டியதைக் கட்டாமல் தலைமறைவாகிவிட்டான். கப்பல் துறைமுகத்துக்குள்ளும் வரமுடியாது, கடலுக்கும் போகமுடியாது. உள்ளே இருந்தவர்களுக்கு ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை. அவர்களில் ஒருவன் மகேஷ், செந்துறைப் பையன். சென்னையில் இருந்த ஓர் ஏஜென்ட்தான் இருவரையும் அனுப்பியிருந்தார். மகேஷுக்கு அதுதான் முதல் பயணம்.

சாந்தி மேரிக்கும் கப்பல்தான் வேலை. ஜெயங்கொண்டத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் முருகையன் என்பவர் டேட்டா என்ட்ரி சென்டர் வைத்திருந்தார். இருபது பெண்கள் வேலை பார்த்தார்கள். இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊரில் ஹெலன் ஆஷ்வுட் என்ற நீராவிக் கப்பலை மியூசியமாக வைத்திருந்தார்கள். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியது. அதில் பயணம் போனவர்கள் எழுதிவைத்த தினசரிக் குறிப்புகள், இன்ஜின் அறைப் பதிவுகள், போட்டோக்கள் எல்லாவற்றையும் அங்கே ஸ்கேன் செய்து சிடியில் போட்டுச் சென்னைக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். சென்னையிலிருந்து சிடி கூரியரில் ஜெயங்கொண்டத்துக்கு வரும். திரையில் ஒரு பக்கம் பழைய கையெழுத்து, இன்னொரு பக்கம் கட்டம் கட்டமாக அட்டவணை. தேதி, இடம், காற்று, கடல், நடந்த விஷயம் என்று பிரித்துப் பிரித்து அடிக்கவேண்டும். அடித்ததெல்லாம் மியூசியத்தின் வெப்சைட்டில் ஏறும். யார் வேண்டுமானாலும், எந்த நாட்டில் இருந்தும், ஒரு தேதியைப் போட்டு அன்றைக்குக் கப்பல் எங்கே இருந்தது என்று பார்க்கலாம்.

அன்றைக்கு அவளுக்கு வந்திருந்தது 1923-ஆம் வருஷத்துக் குறிப்பு. ஒவ்வொரு நாளின் கடைசி வரியிலும் குடிதண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று யாரோ எழுதிவைத்திருந்தார்கள். முதல் பக்கத்தில் அந்த வரியை அடித்தாள். இரண்டாவது பக்கத்திலும் அடித்தாள். மூன்றாவது பக்கத்தில் கை நின்றுவிட்டது.

பக்கத்துச் சீட்டு அனிதா திரும்பிப் பார்த்தாள். "என்னக்கா, எழுத்து புரியலையா?"

"புரியுது," என்றாள் சாந்தி மேரி.

மாமனார் சவரியாருக்கு நெஞ்சுவலி வந்து தேறியிருந்த சமயம். அதனால் அவரிடம் சொல்லவில்லை. ஏஜென்டின் நம்பருக்கு அடித்தாள். அது உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செந்துறைக்குப் பஸ் ஏறினாள். மகேஷின் அப்பா அங்கமுத்து மானாவாரிக் கொல்லையில் கடலைக்கொடி பிடுங்கிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு அவர் அழவில்லை. கையிலிருந்த கொடியை உதறி வரப்பில் போட்டுவிட்டு, "எப்ப கெளம்பணும் தாயி?" என்று மட்டும் கேட்டார்.

இருவரும் சென்னை போனார்கள். ஏஜென்டின் ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது தையல் வகுப்பு நடந்தது. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள் இருந்தன. தையல் சொல்லிக்கொடுத்த பெண், உங்களைப் போல நிறையப் பேர் வந்து போகிறார்கள் என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை மனு நாளுக்குப் பெரம்பலூர் போனார்கள். கலெக்டர் ஆபீஸில் முதியோர் பென்ஷன், பட்டா, பாதைத் தகராறு என்று நீண்ட வரிசை. அவர்கள் முறை வந்தபோது மனுவைப் படித்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"கப்பல் எந்த நாட்டுதும்மா?"

"முதலாளி ஒரு நாடு, கொடி இன்னொரு நாடு, நிக்கிறது மூணாவது நாட்டுல சார்."

"அப்ப எந்த நாட்டுக்கு எழுதுறது?"

கிண்டலாக அவர் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மேலே அனுப்பிவைக்கிறோம் என்று சொல்லி முத்திரை போட்டுக்கொடுத்தார். நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றதும் அங்கமுத்து கேட்டார்:

"மேலன்னா எங்க தாயி?"

அரியலூர் பஸ்ஸில் ஏறியதும் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

மறுநாள் வேலைக்குப் போனதும் நேராக முருகையனிடம் போனாள்.

"சார், அந்த மியூசியத்துக்காரங்க கப்பல்காரங்கதானே. அவங்களுக்கு யாரையாச்சும் தெரிஞ்சிருக்கும். நீங்க ஒரு மெயில் போட்டுக் கேளுங்க சார்."

முருகையன் நாற்காலியிலிருந்து எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மேரி, ஒன் கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா அவங்களோட நமக்கு எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாதுன்னுதான் ஒப்பந்தம். நமக்கு எல்லாம் சென்னைதான். நேராப் பேசுனா அன்னைக்கே வேலய நிறுத்திடுவாங்க. போன வருஷம் அரியலூர்ல ஒரு சென்டர் அப்படித்தான் மூடுனாங்க. இருபது புள்ளைங்க இருக்கு மேரி."

"சென்னைக்காச்சும் சொல்லுங்க சார்."

சொன்னார். அவள் எதிரிலேயே போன் போட்டார். எதிர்முனையில் பேசியவர் வருத்தப்பட்டார். இதில் எங்களால் ஒன்றும் செய்யமுடியாது என்றார். அடித்து அனுப்பவேண்டிய இந்த வாரத்து பேட்ச் எப்போது வரும் என்று கேட்டார்.

அன்று சாயந்தரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஹெலன் ஆஷ்வுட் வெப்சைட்டைத் திறந்து, அதிலிருந்த முகவரிக்கு மெயில் அனுப்பினாள். அனுப்பிய நிமிஷமே பதில் வந்தது. அவசரமாகத் திறந்து பார்த்தாள். உங்கள் மெயிலுக்கு நன்றி, குளிர்காலத்துக்காகக் கப்பல் மூடப்பட்டுள்ளது, மார்ச் மாதம் திறக்கும்போது உங்களைச் சந்திப்பதில் மகிழ்ச்சி என்று அதில் இருந்தது. இயந்திரம் அனுப்பிய பதில். இரண்டு நாள் கழித்து மறுபடி அனுப்பினாள். அதே பதில், அதே மகிழ்ச்சி.

ஆனந்திடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. மாமனார் சோற்றைப் பிசையும்போதெல்லாம், "பய போன் பண்ணானா?" என்று கேட்டார். "பண்ணாங்க மாமா, நல்லாருக்காங்களாம்," என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். மகள் ஷாலினி மேரி தம்ளரில் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியை முற்றத்தில் ஊற்றியதைப் பார்த்து ஒரு நாள் அடித்துவிட்டாள். எதற்கு அடி வாங்கினோம் என்று தெரியாமல் பிள்ளை அவளையே பார்த்தது.

மியூசியத்தில் உயிருள்ள ஓர் ஆள் இருப்பது அவளுக்குத் தெரியும். கையெழுத்து புரியாத இடங்களைப் பக்க எண்ணோடு கேள்வித் தாள் என்ற ஃபைலில் எழுதி பேட்சோடு அனுப்புவார்கள். சென்னையில் எல்லா சென்டர்களின் கேள்விகளையும் ஒன்றாக்கி அப்படியே இங்கிலாந்துக்குத் தள்ளிவிடுவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மூன்று நாளில் பதில் வரும். கீழே டி.எச். என்று மட்டும் இருக்கும். அது ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆனால் வெறும் வார்த்தையை மட்டும் எழுதி அனுப்பும் ஆள் இல்லை அது. கப்பலின் அடிவயிற்றில் தண்ணீர் தேங்கும் இடத்தைத்தான் இப்படிச் சொல்வார்கள், கேட்டது நல்லதாயிற்று, முன்பு வேறொருவர் தப்பாக அடித்திருந்தார் என்றெல்லாம் எழுதும். மூடிய கப்பலுக்குள் குளிரில் உட்கார்ந்து எழுதுகிற ஆள்.

வெள்ளிக்கிழமை பேட்ச் போகவேண்டும். நான்கு கேள்விகளை ஒழுங்காக எழுதினாள். ஐந்தாவது வரியில் பக்க எண் போடவேண்டிய இடத்தைக் காலியாக விட்டாள். கப்பலைப் பற்றி எழுதத் தேவையான ஆங்கிலமெல்லாம் ஹெலன் ஆஷ்வுட்டின் குறிப்புகளிலிருந்தே அவளுக்கு வந்திருந்தது. அதே நடையில் எழுதினாள். கப்பல் பெல்வியா. லொபேராவுக்கு வெளியே நங்கூரத்தில் நிற்கிறது. கேப்டன் கப்பலை விட்டுப் போய்விட்டார். குடிதண்ணீர் இல்லை. உணவு இல்லை. ஒரு பையனுக்குக் காய்ச்சல். அதில் ஃபிட்டராக இருக்கும் சகாய ஆனந்த் என் கணவர். இது உங்கள் ஆவணத்தில் உள்ள கப்பல் அல்ல. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உங்களிடம் கேட்கிறேன். மன்னிக்கவும்.

முருகையன் ஃபைலைத் திறந்துபார்க்காமல் அனுப்பினார். அவள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்த நேரத்தில் சென்னையிலிருந்து போன் வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முருகையன் எழுந்து நிற்பதையும், "சார், சார்," என்று மட்டும் சொல்வதையும் எல்லோரும் பார்த்தார்கள். வெளியே வந்தவர் கத்தவில்லை.

"நான் சொன்னேன்ல மேரி. சொன்னேனா இல்லையா? பேட்ச நிறுத்திட்டாங்க. மிச்ச சிடிய எல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க."

"அவங்க ஏதாச்சும் பதில் எழுதியிருந்தாங்களா சார்?"

அந்தக் கேள்விதான் அனிதாவை எழுப்பிவிட்டது. "எங்க எல்லாரையும் நடுரோட்டுல நிறுத்திட்டு, பதில் வந்துச்சான்னு கேக்குறீங்களாக்கா? எங்க வூட்லயும் அடுப்பு எரியணும்ல?" சொல்லிக்கொண்டே அழுதாள். அவள் அப்பா மரமேறி விழுந்து படுக்கையில் கிடந்தார். அவள் சம்பளத்தில்தான் குடும்பம். சாந்தி மேரிக்கு அது நன்றாகத் தெரியும். அவள் டப்பாவை மூடிக்கொண்டு படியிறங்கினாள். யாரும் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இனி மறைக்க அவளிடம் தெம்பு இல்லை. சவரியார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, "கோயிலுக்குப் போவோம் வா," என்றார். இருவரும் போய் முழங்காலில் நின்றார்கள். அவளுக்கு ஒரு செபமும் வாயில் வரவில்லை. தப்பு செய்துவிட்டோம், அதிலும் பிரயோஜனம் இல்லாத தப்பு என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது.

வியாழக்கிழமை காலை வாசலில் டி.வி.எஸ். சத்தம் கேட்டது. முருகையன். தலை கலைந்திருந்தது. கையில் செல்போன்.

"மேரி, ஒரு வெள்ளக்காரம்மா சென்னக் கம்பெனியோட சண்ட போட்டு என் நம்பர வாங்கியிருக்கு. நீதான் பேசணுமாம். பத்து நிமிஷத்துல திரும்பக் கூப்புடுறேன்னுச்சு. சிக்னல் எங்க கெடைக்கும்?"

தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓடினார்கள். போன் அடித்தது.

டி.எச். என்பது டோரத்தி. கிழவியின் குரல். சாந்தி மேரிக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். சாந்தி மேரி எழுதிய வரிகளை அப்படியே ஹெலன் ஆஷ்வுட் வெப்சைட்டின் முதல் பக்கத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். பழைய குறிப்புகளைத் தேடிப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கடலில் வேலை பார்த்தவர்கள்தானாம். அவர்களில் ஒருவருக்கு லொபேராவில் மாலுமிகளுக்கான தொண்டு இல்லம் நடத்தும் பாதிரியாரைத் தெரியும். இன்னொருவர் மாலுமிகள் சங்கத்துக்குச் சொல்லிவிட்டார்.

"எத்தனை பேர் இருக்கிறார்கள்? யாருக்குக் காய்ச்சல்? எத்தனை நாளாக?"

தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததற்குத் தெரியாது என்றாள். மகேஷ் என்ற பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

"தண்ணீரும் மருந்தும் ஏற்றிய படகு கிளம்பத் துறைமுகத்தில் அனுமதி கிடைக்கவேண்டும். கிடைக்கும்வரை நாங்கள் விடமாட்டோம்," என்றாள் டோரத்தி.

போன் நின்றதும் சாந்தி மேரி தொட்டி மேட்டிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். முருகையன் தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியான பஸ்ஸில் அவள் செந்துறை போய் அங்கமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் அவளைக் கும்பிட்டார். அவள் பதறிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அனுமதி உடனே கிடைக்கவில்லை. இன்று என்றார்கள், நாளை என்றார்கள். அடுத்த வாரத்தில் ஒரு நாள் ஆனந்தின் குரல் வந்தது. பாதிரியாரின் போனில் பேசினான்.

"தண்ணி வந்துருச்சு மேரி. அரிசி, மருந்து எல்லாம் வந்துருச்சு. டாக்டரும் வந்தாரு." மகேஷ் எப்படியிருக்கான் என்று அவள் கேட்டாள். "மகேஷ் முந்தாநாளு போயிட்டான். என் மடியிலதான் கெடந்தான். நீதான் போய்ச் சொல்லணும்."

செந்துறைக்கு எத்தனையோ முறை போயிருந்தாள். அன்றைக்குப் போல பஸ் வேகமாகப் போனதே இல்லை. அங்கமுத்து அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். எழுந்து உள்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"அமிர்தவல்லி, தாயி வந்துருக்கு பாரு. படகு போய்ச் சேந்துருச்சு போலருக்கு. தண்ணி கொண்டா."

அமிர்தவல்லி சிரித்த முகத்தோடு செம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். சாந்தி மேரி அதை வாங்கிக்கொண்டாள். குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. அவள் சொல்வதற்கு முன்பே அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது.

ஓலமெல்லாம் ஓய்ந்த பிறகு அங்கமுத்து கேட்டது ஒன்றுதான். "பொதைச்சாங்களா, எரிச்சாங்களா?"

"தெரியலைங்கய்யா."

"கேட்டுச் சொல்லு தாயி."

லொபேராவில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் புதைத்ததாகப் பிறகு தெரிந்தது. அதைச் சொல்ல அவள் இன்னொரு முறை போனாள்.

ஆனந்த் தை மாதம் ஊருக்கு வந்தான். சங்கத்தார் கப்பலை ஏலத்துக்குக் கொண்டுபோய் எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். அரியலூர் ஸ்டேஷனில் இறங்கியவனை ஷாலினி மேரி அடையாளம் கண்டுகொள்ளாமல் தாத்தாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். வீட்டில் அவன் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள், "செந்துறைக்குப் போவணும்," என்றான். போய் அங்கமுத்துவின் எதிரில் உட்கார்ந்து, மகேஷ் கடைசியாகப் பேசியதெல்லாம் என்ன, என்ன கேட்டான், எப்படித் தூங்கினான் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். அமிர்தவல்லி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

ஹெலன் ஆஷ்வுட் வேலை திரும்ப வரவில்லை. டோரத்தி மியூசியத்தாரிடம் எவ்வளவோ வாதாடியும் சென்னைக் கம்பெனி அதை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டது. முருகையனுக்கு ஏதோ கல்லூரியின் பழைய மதிப்பெண்களை அடிக்கும் சின்ன வேலை கிடைத்தது. ஆறு பேருக்குத்தான் இடம் இருந்தது. அனிதா அதில் இருந்தாள். சாந்தி மேரியைக் கூப்பிட முருகையனுக்கு வழியில்லை. அவளும் கேட்கவில்லை.

மாசியில் டோரத்தியிடமிருந்து மெயில் வந்தது. பெல்வியாவுக்கு நடந்ததையும் ஆவணத்தில் சேர்த்துத் தனிப் பக்கமாக வெப்சைட்டில் வைக்கப் போகிறார்கள். மகேஷின் குடும்பம் சம்மதித்தால், அவர்கள் விரும்பினால் மட்டும், ஒரு போட்டோ வேண்டும்.

செந்துறைக்குப் போய் இதைச் சொன்னபோது அமிர்தவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "செத்ததக் காட்டி என்ன ஆவப்போவுது?"

அங்கமுத்து மகனின் படத்தைப் பார்த்தார். "அத யார் பாப்பாங்க தாயி?"

"யாரு வேணா பாக்கலாங்கய்யா. கப்பல்ல போறவங்க, போவப்போறவங்க, அவங்க வூட்டுக்காரங்க."

"அப்ப அந்த ஏஜென்ட் பேரையும் போடுவாங்களா?"

"போடச் சொல்றேன்."

அவர் எழுந்து சுவரிலிருந்த படத்தை மாலையோடு இறக்கினார். அமிர்தவல்லி எதிர்க்கவில்லை. மாலையை மட்டும் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டாள். "வெளக்கு வைக்கிறதுக்குள்ள கொண்டாந்துருங்க. அந்தச் செவரு சும்மா இருக்கக் கூடாது," என்றாள்.

ஜெயங்கொண்டத்தில் ஸ்கேனர் இருந்தது முருகையனிடம்தான். சாந்தி மேரி படத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். ஸ்கேனருக்குப் பக்கத்தில் அனிதா உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் கையை நீட்டிப் படத்தை வாங்கினாள். சட்டத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினாள். போட்டோவின் ஓரம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. கிழியாமல் எடுக்க அனிதாவுக்கு வெகுநேரம் ஆனது. முதல் முறை ஸ்கேன் செய்ததில் முகம் கறுத்து விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி செய்தாள். அதுவும் பிடிக்கவில்லை. மூன்றாம் முறை திரையில் மகேஷ் வந்தான். ஐ.டி.ஐ. சீருடை, எண்ணெய் தடவி வழித்து வாரிய தலை, பத்தொன்பது வயசு.

அனிதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஃபைலுக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில் கர்சரை வைத்துவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு அவளிடம் பேசினாள்.

"பேர எப்படிக்கா எழுதுவாங்க? அப்பா பேரோட சேத்தா?"

"சேத்துத்தான்," என்றாள் சாந்தி மேரி. "அங்கமுத்து மகேஷ்."

அனிதா அடித்தாள். படத்தைச் சட்டத்துக்குள் வைத்து ஆணிகளை அழுத்தி, ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். செந்துறை பஸ் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. சாந்தி மேரி படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.